எக்மோவில் மாமா, கால்குலேட்டரில் 6 புள்ளி: இதை வைத்து முடிவெடுக்கலாமா?

வாசகர் கேள்வி, 14 ஜூன் 2025, காலை 7.05

மார்த்தாண்டம் பக்கம். மாமாவுக்கு 66 வயது. நேற்று விடியக்காலம் ரப்பர் வெட்டப் போன இடத்தில் நெஞ்சடைப்பு. வாயு என்று சுக்கு வெள்ளம் குடித்துவிட்டு மத்தியானம் வரை படுத்திருக்கிறார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி, அங்கிருந்து திருவனந்தபுரம். ஸ்டென்ட் வைத்தும் பிரஷர் நிற்கவில்லை. பெருந்தமனிக்குள் உப்பிச் சுருங்கி இதயத்துக்கு உதவும் பலூன் வைத்தார்கள், ராத்திரி எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப உடம்புக்குள் தள்ளும் மெஷின்). டியூட்டி டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிய எண்கள்: சர்க்கரை 248, கிரியேட்டினின் 1.7, லாக்டேட் (உடம்புக்கு ரத்தம் போதாதபோது ஏறுவது) 44, ஸ்டென்ட்டுக்குப் பிறகு ரத்த ஓட்டம் டிமி 2 (முழு ஓட்டம் என்றால் 3). பக்கவாதம் முன்பு வந்ததில்லை. நெட்டில் ஒரு கால்குலேட்டரில் போட்டால் 9-க்கு 6 வருகிறது, 70 முதல் 90 சதவீதம் இறப்பு என்கிறது. வீட்டில் "எக்மோ வைத்து யார் திரும்பி வந்தார்கள், ஜெயலலிதாவா, எஸ்.பி.பி.யா" என்கிறார்கள். நிறுத்தச் சொல்லிவிடலாமா? எக்மோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இங்கே எழுதுவார், பார்த்தால் சொல்லவும்.

14 ஜூன், காலை 9.40

நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். நான் பெர்ஃப்யூஷனிஸ்ட், டாக்டர் இல்லை. உங்கள் மாமா இருக்கும் ஆஸ்பத்திரியிலும் நான் இல்லை. நிறுத்துவதா வேண்டாமா என்பதை நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன்.

முதலில் அந்த இரண்டு பெயர்கள். ஜெயலலிதாவுக்கு 2016 டிசம்பர் 4 அன்று இதயம் நின்றுபோன பிறகு எக்மோ வைத்தார்கள், மறுநாள் இரவு இறந்தார். அதற்கு முன்பே 2 மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தவர். எஸ்.பி.பி.க்கு 2020-ல் வைத்தது கோவிட் தின்ற நுரையீரலுக்காக. ஒரே பெயர், ஒரே மாதிரி பம்ப், ஆனால் வேறு நோய். மாரடைப்பில் ஷாக்குக்கு, அதாவது இதயம் போதிய ரத்தம் தள்ள முடியாத நிலைக்கு, போனவரின் கணக்கை இந்த இரண்டு பேரிடமிருந்து எடுக்க முடியாது. எக்மோவிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போன தக்கலைக்காரரைப் பற்றி டி.வி.யில் ஏன் சொல்லப் போகிறார்கள்?

கால்குலேட்டரைப் பற்றித் தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

14 ஜூன், காலை 9.55

தூங்கப் போகவில்லை. லாக்டேட் 44 என்பது எந்த அலகில்? ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்திருந்தால் பாருங்கள், எண்ணுக்குப் பக்கத்தில் மில்லிகிராம் என்றா, மில்லிமோல் என்றா? மில்லிமோலில் 44 என்றால் நீங்கள் இங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

14 ஜூன், காலை 10.50

கேள்வி கேட்டவர் மில்லிகிராம்தான் என்கிறார். சரி. லாக்டேட்டில் லிட்டருக்கு 1 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம். 44-ஐ 9-ஆல் வகுத்தால் 4.9. அந்த ஸ்கோரில் லாக்டேட் 5-க்கு மேல் இருந்தால்தான் 2 புள்ளி. கால்குலேட்டர் உங்கள் 44-ஐ மில்லிமோல் என்று எடுத்துக்கொண்டு 2 புள்ளி போட்டுவிட்டது. திருத்திக் கூட்டுங்கள்: சர்க்கரை 191-ஐத் தாண்டியதற்கு 1, கிரியேட்டினின் 1.5-ஐத் தாண்டியதற்கு 1, டிமி 3-க்குக் கீழே இருப்பதற்கு 2. வயது 73-க்குள், பக்கவாதம் இல்லை, அதற்கெல்லாம் பூஜ்யம். ஆக 4 புள்ளி. உயர் அபாயத்திலிருந்து நடு வகுப்புக்கு வந்துவிட்டார், 30 நாள் இறப்பு 40 முதல் 60 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு அத்தையிடம் "மாமாவுக்குப் பாதி சரியாகிவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். மாமா அதே கட்டிலில் அதே மாதிரிதான் கிடக்கிறார். மாறியது அலகு மட்டும். இன்னொன்றும் பாருங்கள். 4.9-க்குப் பூஜ்யம், 5.1-க்கு 2 புள்ளி. எடுத்த ரத்தம் மெஷினுக்குப் போகும் முன் டிரேயில் கிடந்தாலே சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை ஏற்றிக்கொண்டிருக்கும். ஒரு நர்ஸுக்கு வேறு கட்டிலில் அவசர வேலை வந்தால் உங்கள் மாமாவின் வகுப்பு மாறிவிடும் என்ற அளவுக்கு மெல்லிய கோடு அது.

14 ஜூன், இரவு 11.20

இப்போது நிதானமாக.

நீங்கள் போட்டது ஐ.ஏ.பி.பி. ஷாக் 2 ஸ்கோர். ஐ.ஏ.பி.பி. என்பது அந்தப் பலூன் பம்ப்தான். ஜெர்மனியில் மாரடைப்பு ஷாக் நோயாளிகள் 600 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பலூன் பம்ப் வைத்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது: 30 நாளில் இறந்தவர்கள் பலூன் வைத்தவர்களில் 39.7 சதவீதம், வைக்காதவர்களில் 41.3. வித்தியாசமே இல்லை. எங்கள் துறையில் பலருக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. 1967-லிருந்து நோயாளிக்கு வைத்து வந்த கருவி அது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் விவரங்களிலிருந்து 2017-ல் எடுத்ததுதான் இந்த 6 கேள்வி ஸ்கோர்.

அதாவது அது பலூன் வைத்தவர்களும் எதுவும் வைக்காதவர்களும் கலந்த கூட்டத்தின் கணக்கு. எக்மோவில் இருப்பவருக்கு அதைப் போட்டால் வருகிற எண்ணுக்குப் பொருள் இருக்கலாம், ஆனால் அது அவருக்காகத் தைத்த சட்டை இல்லை.

மாரடைப்பு ஷாக்கில் எக்மோவுக்குப் போனவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது, என்கரேஜ் என்று பெயர், 2016-ல் பிரான்ஸிலிருந்து வந்தது. 138 நோயாளிகள், அவர்களில் 47 சதவீதம் ஐ.சி.யு.வை விட்டு உயிரோடு வெளியே வந்தார்கள். 60-க்கு மேல் வயது, பெண், உடல் எடைக் குறியீடு 25-க்கு மேல், எக்மோ வைக்கும் முன் சுயநினைவு எவ்வளவு, கிரியேட்டினின், லாக்டேட், ரத்தம் உறையும் திறன், இவ்வளவும் பார்க்கும். குறைந்த புள்ளிக்காரர்களில் 80 சதவீதம் 6 மாதம் தாண்டினார்கள், உச்சப் புள்ளிக்காரர்களில் 7 சதவீதம். 138 பேரை 5 வகுப்பாகப் பிரித்தால் ஒரு வகுப்பில் எத்தனை பேர் விழுவார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இந்த மாதிரி ஸ்கோர்களின் திறமையை இப்படி அளப்பார்கள்: பிழைத்தவர் ஒருவர், இறந்தவர் ஒருவர் என்று ஜோடியாக எடுத்து, யாருக்கு அதிகப் புள்ளி என்று பார்ப்பது. ஐ.ஏ.பி.பி. ஷாக் ஸ்கோர் நாலில் மூன்று ஜோடியில் சரியாகச் சொல்லும். குருட்டுத்தனமாகச் சொன்னாலே நாலில் இரண்டு சரியாகிவிடும். ஆய்வுக் கட்டுரைக்கு இது நல்ல மதிப்பெண். ஒரு வீட்டுக்காரர்கள் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதற்கு? எனக்கு அந்தத் துணிவு இல்லை.

இதிலே ஒரு வம்பும் இருக்கிறது. புள்ளி அதிகம் என்று நிறுத்தினால் அவர் இறந்துவிடுவார். அடுத்த ஆய்வு அவரை "அதிகப் புள்ளி, இறந்தார்" என்று எழுதிக்கொள்ளும். ஸ்கோர் சொன்னது பலித்தது போலத் தெரியும். பலிக்க வைத்தது நாம்.

15 ஜூன், காலை 6.30

மாமாவின் எடையை என்கரேஜில் போட வேண்டுமே, எத்தனை கிலோ என்று வைப்பது என்று கேட்டிருக்கிறார். தம்பி, அந்தக் கட்டிலில் யாரும் எடை பார்ப்பதில்லை. வாசலில் நிற்கும் மருமகன் "ஒரு எழுபது இருக்கும் சார்" என்பார், அதுதான் கேஸ் ஷீட்டில் ஏறும். நாங்கள் பம்ப் ஓட்டத்தைக் கணக்குப் போடுவதும் அதை வைத்துத்தான். ஆகவே மருமகன்கள் கொஞ்சம் பொறுப்பாகப் பேசவும்.

15 ஜூன், மதியம் 1.15

எட்டு மணி நேரம் கழித்து எடுத்த லாக்டேட் 31 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறார். 3.4 மில்லிமோல். எனக்கு முதல் எண்ணைவிட இந்த எண் முக்கியம். அதே ஜெர்மன் ஆய்வின் விவரங்களைப் பிறகு தோண்டியவர்கள், வந்தவுடன் எடுத்த லாக்டேட்டையும் லாக்டேட் எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதையும்விட, 8 மணி நேரத்தில் இருந்த அளவே இறப்பை நன்றாகக் காட்டியது என்று கண்டார்கள். அவர்கள் வைத்த கோடு 3.1. மாமா கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. நல்ல செய்தி என்றும் சொல்ல வராது, கெட்டது என்றும் வராது. இறங்குகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அட்ரினலின் டிரிப் ஓடுகிறதா என்று கேளுங்கள். அட்ரினலின் தானாகவே லாக்டேட்டையும் சர்க்கரையையும் ஏற்றும். இதயம் தேறிக்கொண்டிருக்கும்போதே லாக்டேட் முரண்டு பிடித்தால் மருந்தைப் பார்க்க வேண்டும், ஈரலைப் பார்க்க வேண்டும், குடலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எதையும் கால்குலேட்டர் கேட்காது.

15 ஜூன், இரவு 10.05

நாகர்கோவில் நண்பர் ஒருவர் சூடாகக் கேட்டிருக்கிறார்: "பலூனால் பயனில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். எக்மோவாலும் பயனில்லை என்று 2023-ல் ஆய்வு வந்துவிட்டது. பிறகு எதற்கு வைக்கிறீர்கள், பில் போடவா?"

பில்லைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு மாதச் சம்பளம். ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் 2023 ஆய்வின் பெயர் எக்லஸ் ஷாக், அதில் 400-க்குக் கொஞ்சம் மேல் நோயாளிகள். 30 நாளில் இறந்தவர்கள் எக்மோவில் 47.8 சதவீதம், சாதாரண சிகிச்சையில் 49.0. பெரிய ரத்தக்கசிவு 9.6-க்குப் பதில் 23.4 சதவீதம். கால் ரத்தக்குழாய்ச் சிக்கல் 3.8-க்குப் பதில் 11. தெளிவான தோல்விதான், மழுப்ப வேண்டாம். ஆனால் அதில் சேர்ந்தவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் முன்பே இதயம் நின்று, நெஞ்சை அமுக்கி மீட்டெடுக்கப்பட்டவர்கள். அவர்களில் பலரை முடிவு செய்தது மூளை. இதயத்துக்கு எத்தனை பம்ப் வைத்தாலும் மூளைக்குப் பம்ப் இல்லை.

அடுத்த வருடமே டேஞ்சர் ஷாக் ஆய்வு வந்தது. இது இம்பெல்லா, தொடை வழியாக இடது கீழறைக்குள் போய் ரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனியில் விடும் குட்டிப் பம்ப். 180 நாளில் இறப்பு 45.8 சதவீதம், பம்ப் இல்லாதவர்களில் 58.5. எட்டுப் பேருக்கு வைத்தால் ஒரு உயிர் கூடுதலாகத் தங்குகிறது. மாரடைப்பு ஷாக்கில் ஒரு பம்ப் உயிரைக் காப்பாற்றுகிறது என்று குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்த ஆய்வில் முதன்முதலாகத் தெரிந்தது அதில்தான். ஆனால் 355 பேரைச் சேர்க்கப் பத்து வருடம் ஆனது, அவ்வளவு வடிகட்டினார்கள். இதயம் நின்று மீண்டபின் கோமாவில் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் பம்ப் பக்கத்தில் 41.9 சதவீதம், மறுபக்கத்தில் 26.7. அந்தப் பம்ப் இங்கே பல லட்சம் என்பது தனிக் கதை.

என் கணக்கில் இந்த இரண்டு ஆய்வும் சேர்ந்து சொல்வது, எந்த மெஷின் என்பதைவிட யாருக்கு, எப்போது என்பது பெரிது.

16 ஜூன், காலை 7.10

இரவு எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடைசி வரி கொஞ்சம் சுலபமாக வந்துவிட்டது. மெஷினும் பெரிதுதான். எக்மோ தொடையிலிருந்து மேல்நோக்கி ரத்தத்தைத் தள்ளும். பலவீனமான இதயம் அதற்கு எதிராகத் திறக்க வேண்டும், எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிற மாதிரி. மிதிக்க முடியாவிட்டால் இடது கீழறை வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். அதனால்தான் சில இடங்களில் எக்மோவோடு பலூனையோ இம்பெல்லாவையோ சேர்த்து வைக்கிறார்கள். இம்பெல்லா இதயத்தின் சுமையை இறக்குகிறது, எக்மோ உடம்பைக் காப்பாற்றி இதயத்தைச் சுமக்க வைக்கிறது. ஆய்வுகள் வேறு வேறு முடிவு காட்டியதில் இதற்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

16 ஜூன், பிற்பகல் 3.30

மாமாவுக்கு வலது கையில் மட்டும் ஏன் ஆக்சிஜன் கிளிப் மாட்டுகிறார்கள், இடது கை சும்மாதானே இருக்கிறது என்று அத்தை கேட்டாராம். நல்ல கேள்வி. கீழிருந்து வரும் எக்மோ ரத்தமும் மாமாவின் இதயம் தள்ளும் ரத்தமும் பெருந்தமனியில் ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். இதயம் தேறத் தேற அந்த இடம் கீழே இறங்கும். அப்போது நுரையீரல் மோசமாக இருந்தால், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் முதலில் போவது இதயத்தின் சொந்த ரத்தம் ஓடும் தமனிகளுக்கும் தலைக்கும் வலது கைக்கும்தான். கால் விரலில் 100 காட்டும், மூளைக்கு 80 போகும். அதனால் வலது கை.

16 ஜூன், இரவு 9.45

பாறசாலையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய பெரியம்மாவுக்கு ஸ்கோர் 2 மட்டும். டாக்டரே "குறைந்த ரிஸ்க்" என்றாராம். பம்ப் வைத்த இடத்தில் ரத்தக்கசிவு, மூன்றாம் நாள் போய்விட்டார். "அப்போ அந்த எண் பொய்யா?"

பொய் இல்லை. குறைந்த வகுப்பு என்றாலே 20 முதல் 30 சதவீதம் இறப்பு. நாலில் ஒருவர். வேறு எந்த நோயில் நாலில் ஒருவர் இறப்பதைக் குறைவு என்பார்கள்? ஷாக்கில் மட்டும்தான் இந்தப் பேச்சு. உங்களிடம் யாராவது அதை முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். கசிவு, கால், கிருமித் தொற்று, இவையெல்லாம் மெஷின் வைத்த பிறகு வருபவை. வந்த நேரத்தில் எடுத்த எண்களில் அவை இருக்க வழியில்லை.

17 ஜூன், காலை 8.00

ஸ்கோரில் இல்லாத இன்னொன்று, எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு: நேரம். விடியக்காலம் வலி, மத்தியானம் ஆஸ்பத்திரி, அங்கே ஈ.சி.ஜி., பிறகு ஆம்புலன்ஸ். களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் முக்கு. திருவிழா நாளில் அந்த ரோட்டில் சைரன் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன், முன்னால் யானை. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போவதா திருவனந்தபுரம் போவதா என்று வீட்டு முற்றத்தில் நின்று தர்க்கம் செய்வது வேறு. ஸ்கோரில் இருக்கும் டிமி 2-வும் கிரியேட்டினின் 1.7-ம் ஒரு பகுதி அந்தத் தாமதத்தின் கையெழுத்துதான். அடைப்பு நீண்ட நேரம் இருந்தால் திறந்த பிறகும் சிறு நாளங்களில் ரத்தம் ஓடாது.

தமிழ்நாட்டில் 2023-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கு முதல் டோஸ் தருகிறார்கள், "இதயம் காப்போம்" திட்டம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின், மொத்தம் 14 மாத்திரை. அதற்கு முன்பே சின்ன ஆஸ்பத்திரிகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியோடு 108 வழியாக இணைத்து இங்கே ஒரு ஆய்வு நடந்தது. 2,420 நோயாளிகள், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியது. எந்தப் பம்ப்பும் இல்லாமல் கிடைத்த லாபம் அது. சுக்கு வெள்ளத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை, குடித்துக்கொண்டே வண்டியில் ஏறலாம்.

(காப்பீட்டு அட்டை எல்லை தாண்டி எடுபடுமா என்று கேட்டவருக்கு: அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா என்று சேர்க்கும்போதே கவுண்டரில் கேளுங்கள். ஐ.சி.யு.வுக்குள் போன பிறகு கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல நேரமிருக்காது.)

18 ஜூன், இரவு 11.00

லாக்டேட் 19 மில்லிகிராம், 2 மில்லிமோலுக்குப் பக்கம். இனி ஸ்கோரை மூடி வையுங்கள். இப்போதைய கேள்வி பிழைப்பாரா என்பது இல்லை, மெஷினைக் கழற்றினால் இதயம் தாங்குமா என்பது.

நாங்கள் செய்வது இதுதான். பம்ப் ஓட்டத்தைப் படிப்படியாக நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர், ஒரு லிட்டர் என்று இறக்குவோம். டாக்டர் எக்கோ புரோபை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பெருந்தமனி வாசலில் எவ்வளவு தூரம் பாய்கிறது என்று பார்ப்பார்கள், 10 சென்டிமீட்டராவது வேண்டும். இடது கீழறையின் வெளியேற்ற விகிதம் 20, 25 சதவீதத்துக்கு மேல். மைட்ரல் வால்வின் ஓரம் நொடிக்கு 6 சென்டிமீட்டராவது அசைய வேண்டும். எனக்கு மானிட்டரே பாதி சொல்லிவிடும். முதல் நாள் பிரஷர் கோடு தட்டையாக ஓடும், பம்ப் மட்டும்தான் வேலை செய்கிறது என்று பொருள். பிறகு ஒரு நாள் அதில் மேடு வர ஆரம்பிக்கும். 10, 15, 30 என்று மேடு ஏறினால் டியூட்டி மாற்றும்போது அதைத்தான் முதலில் சொல்லிவிட்டுப் போவோம்.

இதயத்தின் பவரை வாட்டில் கணக்கிடுவதும் உண்டு: சராசரி பிரஷரை நிமிட ரத்த ஓட்டத்தால் பெருக்கி 451-ஆல் வகுப்பது. 65 பிரஷர், 3.2 லிட்டர் என்றால் 0.46 வாட். 0.53-க்குக் கீழே போனால் ஆபத்து என்று 2004-லேயே காட்டியிருக்கிறார்கள். நைட் லாம்ப் பல்புக்குக்கூடப் பற்றாது என்று எங்கள் கேத் லேபில் (ஆஞ்சியோ செய்யும் இடம்) கிண்டல் ஓடும். எக்மோ ஓடும்போது இந்தக் கணக்கை நேராகப் போட முடியாது, ரத்தத்தைப் பாதி வழியில் நாங்களே உருவிவிடுகிறோமே.

டாக்டரிடம் "எத்தனை சதவீதம்" என்று கேட்காதீர்கள். "நேற்றைவிட மருந்து குறைந்திருக்கிறதா, சிறுநீர் வருகிறதா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தீர்களா" என்று கேளுங்கள். சதவீதத்துக்கு அவர் ஏதோ ஒரு எண் சொல்லித் தப்பிக்கலாம். இதற்கெல்லாம் கட்டிலைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

19 ஜூன், காலை 6.15

மாமா கண் திறந்தார், அத்தையைப் பார்த்துத் திட்டினாரா இல்லையா என்று தெரியவில்லை, வாயில் டியூப் என்கிறார் கேள்வி கேட்டவர். என்கரேஜ் ஸ்கோரில் சுயநினைவுக்குப் புள்ளி உண்டு, திட்டுவதற்குத் தனிப் புள்ளி இன்னும் வைக்கவில்லை.

23 ஜூன், இரவு 8.30

எக்மோ கழற்றியாகிவிட்டது, பலூனும் போய்விட்டது, டயாலிசிஸ் மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடக்கிறது, எக்கோவில் வெளியேற்ற விகிதம் 30 சதவீதம் என்று போட்டிருக்கிறார். நல்லது. அதற்காக "4 புள்ளி சரி, 6 புள்ளி தப்பு" என்று கீழே சிலர் தீர்ப்பு எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள். 6 புள்ளிக்காரரும் பத்தில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை பிழைப்பார்கள். ஒரு ஆள் பிழைத்ததை வைத்து ஸ்கோரைப் புகழவும் முடியாது, திட்டவும் முடியாது.

30 சதவீதம் இப்படியே நிற்க வேண்டும் என்றில்லை. அடிபட்ட தசையில் ஒரு பகுதி செத்திருக்கும், ஒரு பகுதி மரத்துப் போயிருக்கும். மரத்தது வாரக்கணக்கில் மெல்ல எழும். மூன்று மாதம் கழித்து எக்கோ பார்த்து, அப்போதும் 35-ஐத் தாண்டாவிட்டால் துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுக்கும் பெட்டியை உடம்புக்குள் வைப்பதைப் பற்றி டாக்டர் பேசுவார்.

24 ஜூன், மதியம் 12.40

டிஸ்சார்ஜ் சமயத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: ஸ்டென்ட் எந்தக் குழாயில், எத்தனை, கடைசி கிரியேட்டினின், எக்கோ ரிப்போர்ட், ஆஞ்சியோ சி.டி. தொடையில் பம்ப் வைத்த பக்கத்துக் கால் சில்லிட்டாலோ மரத்தாலோ உடனே காட்ட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை எழுதியிருப்பார்கள். மார்த்தாண்டம் கடையில் "இரண்டும் ஒரே வேலைதானே" என்று ஒன்றை எடுத்து வைத்துவிட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டும், பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ரப்பர் வெட்டுக்கு இந்த சீசன் வேறு ஆள் பாருங்கள்.